கொக்கில் இருந்து தொடங்குகிறேன்

ஜனவரி 12, ஞாயிறு

நாற்பத்தெட்டு வயதில் பறவை பார்க்கப் பழகுகிறேன். அண்ணனின் மகன் டோகாவில் இருந்து லீவில் வந்தபோது, "மாமி, எனக்கு இனி இதுக்கு நேரமில்ல, நீங்க வச்சிருங்க" என்று தன் பழைய பைனாகுலரைத் தந்துவிட்டுப் போனான். 8×42 என்று எழுதியிருக்கிறது. எட்டு மடங்கு கிட்டக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். பத்து மடங்கு இன்னும் நல்லதில்லையா என்று கேட்டேன். கை ஆடினால் அந்த ஆட்டமும் பத்து மடங்காகத் தெரியும், பார்க்கிற பரப்பும் சுருங்கிவிடும், பழகுகிறவருக்கு எட்டுத்தான் தோது என்றான்.

இன்று வெளியே போகவில்லை, முற்றத்தில் நின்று அதைக் கண்ணுக்குப் பொருத்தினேன். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கிற இறப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி நடுச்சில்லைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்கி, அப்புறம் இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருப்பி மற்றக் கண்ணுக்குச் சரி செய்ய வேண்டும். எதிர்வீட்டு முருங்கையில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வந்து நின்றது.

ஜனவரி 19, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

விடிய வலையிறவுப் பாலத்துக்கு ஸ்கூட்டியில் போனேன். மட்டக்களப்பு வாவி கலங்கலாக இருந்தது. தோணிகள், வீச்சு வலைக்காரர், நீர்க்காகங்கள், தூரத்தில் கூழைக்கடா, தண்ணீருக்கு மேலே நிற்காமல் சுற்றுகிற ஆலாக்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது? போனில் போட்ட செயலி அடுக்கடுக்காகப் பெயர் காட்டுகிறது, மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பெரும்போக நெல் வெட்டு முடியும்வரை வெள்ளைக் கொக்குகள் மட்டும். மற்றதெல்லாம் கண்ணில் பட்டால் படட்டும். பிறந்த நாளில் இருந்து கொக்கு, கொக்கு என்று ஒரே சொல்லில் கடந்து போன பறவை, நான்கு வகை இருக்கிறதாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வவுணதீவுப் பக்கம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், வேளாண்மை வெட்டு தொடங்கிவிட்டது. வெட்டு மெசின் போகிற வழியில் கொக்குகள் பின்னாலேயே நடக்கின்றன, கதிருக்குள் இருந்து கிளம்புகிற தத்துவெட்டியையும் தவளையையும் பிடிக்க. இவை உண்ணிக்கொக்கு. கழுத்துக் கட்டை, மஞ்சள் அலகும் கட்டை, தாடை கொஞ்சம் உப்பியிருக்கும்.

வாய்க்காலுக்குள் நின்றது வேறு. கறுத்த அலகு, கறுத்த கால், மெலிந்த உடம்பு. சின்ன வெள்ளைக் கொக்கு என்று அலகை வைத்தே சொல்லலாம், ஆனால் நான் பாதத்தைப் பார்க்கக் காத்திருந்தேன். ஒரு காலை முன்னுக்கு நீட்டிச் சேற்றைக் கிளறிக் கிளறி மீனைக் கலைக்கிறது, கலைந்ததும் குத்துகிறது. கரைக்கு ஏறியபோதுதான் தெரிந்தது, அந்தக் கறுத்த காலின் முடிவில் பளிச்சென்று மஞ்சள் பாதம். எவ்வளவு வடிவு! கத்த வேண்டும் போல இருந்தது.

வரம்பில் வந்த ஐயா ஒருவர், "என்ன புள்ள, காணி அளக்கவா வந்த?" என்று கேட்டார். பைனாகுலரைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வெயில் ஏறினா போயிரும், பின்னேரம் அந்த மருதமரத்துக்கு வரும்" என்றார். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. அப்போது எங்கேயோ யானை விரட்டுகிற வெடி போட்டார்கள், வட்டை முழுக்க ஒரேயடியாக எழும்பிப் போனது.

பெப்ரவரி 15, சனி

இந்த நாலு நாளும் உலகம் முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள், பெப்ரவரியில் வருகிற கணக்கு. ஒரே இடத்தில் 15 நிமிடமாவது நின்று கண்டதை எழுதி அனுப்பினால் போதும், வீட்டு முற்றமும் ஓர் இடம்தான். காகம், மைனா, கிளி, செண்பகம் என்று அனுப்பினேன். சாதாரணப் பறவையை எழுதி என்ன பயன் என்று தங்கச்சி கேட்டாள். நாளைக்கு இவை குறைந்தால் குறைந்தது என்று தெரிய, இன்று இருப்பதை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

மார்ச் 2, ஞாயிறு

மிச்சம் இரண்டு, பெரிய வெள்ளைக் கொக்கும் நடுத்தர வெள்ளைக் கொக்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அளவு சொல்லிவிடும், தனியே நின்றால் என்ன செய்வது? வாய்க்கோட்டைப் பார்க்க வேண்டும். அலகு பிளக்கிற கோடு நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும், பெரியதற்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நெல்மணி அளவுச் சின்ன அடையாளம், அதுவும் தலையைத் திருப்பும்வரை தெரியாது. மண்முனைப் பாலத்தடியில் (2014 இல் இந்தப் பாலம் வரும்வரை இங்கே பாதை என்கிற மிதவைப் படகில்தான் ஏறிக் கடந்தோம்) தனியே நின்ற ஒன்று அசையவேயில்லை. கழுத்து நடுவில் முறிந்து ஒட்டியது போல ஒரு கோணல். கடைசியில் திரும்பியது. கோடு கண்ணைத் தாண்டிப் போனது. பெரியது!

கமரா வாங்கச் சொல்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். கமரா இருந்தால் படத்துக்குக் கிட்டப் போகத் தோன்றும், கிட்டப் போனால் அது பறந்துவிடும்.

மார்ச் 23, ஞாயிறு

கல்லடி. ஜனவரியில் தலை வெள்ளையாக, காதடியில் ஒரு கறுப்புப் புள்ளியோடு நின்ற கடற்காக்கைகளில் சிலதுக்கு இப்போது தலை முழுக்கக் கபிலம். மத்திய ஆசியாவின் உயர்ந்த மேட்டு நிலத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கப் போகிற ஆயத்தம். கொக்கு மட்டும் என்று சொன்னேன்தான், ஆனால் இதைப் பாராமல் எப்படி வர முடியும்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கடற்காக்கைகள் குறைந்துவிட்டன. உண்ணிக்கொக்குகளுக்குத் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் ஏறுகிறது. தங்கச்சி இன்று கூடவே வந்தாள், வாய்க்காலில் நின்றதன் பாதம் மஞ்சள் என்று எனக்கு முன்னே சொன்னாள். அடுத்து உள்ளான்கள் படிக்க ஆசை. நெடுங்கால் உள்ளான் இங்கேயே நிற்கும், ரோஸ் நிறக் காலை வைத்துப் பிடித்துவிடலாம். மற்றவற்றில் முக்கால்வாசி வடக்கே போய்விட்டன, அவற்றை ஒக்டோபரில் பார்த்துக்கொள்கிறேன்.