சட்டைப் பைக்குள் போன காது மிஷின்

பி.எட். இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு விழுந்தது தென்காசிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. கூடவே என் வகுப்பு அக்காவும். அக்கா என்றால் நிஜமாகவே அக்கா. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டுப் படிக்க வந்தவர். இரண்டு பேருக்கும் இயற்பியல். ஒன்பதாம் வகுப்போ ஒரே ஒரு பிரிவு, 43 பிள்ளைகள். "ஆளுக்கொரு நாள்னு பிரிச்சா பாடம் ஓடாது, சேந்தே எடுங்க" என்று சொல்லி அறிவியல் டீச்சர் சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் நான் பேசினேன், அக்கா சார்ட் பிடித்தார். அவ்வளவுதான் சேர்ந்து எடுத்த லட்சணம்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பையன், இரண்டு காதிலும் மிஷின். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்விப் பேப்பரில், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை மாற்றுத்திறனையும் வரிசை பிசகாமல் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவனைப் பார்த்ததும், மிஷின்தான் போட்டிருக்கிறானே, கேட்கும் என்று விட்டுவிட்டேன். நாங்கள் எடுக்க வேண்டிய பாடம் எது தெரியுமா? ஒலி.

நாலாம் நாள் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே அக்கா சொன்னார்: "தம்பி, நீ போர்டு பக்கம் திரும்புனா அந்தப் பய பக்கத்துல உள்ளவன் நோட்டைப் பாக்கான். உன் வாயைப் பாத்துதான் பாதி புரிஞ்சுக்கிடுதான்." எழுதிக்கொண்டே பேசுவது எனக்கு ஊறிப்போன பழக்கம். முன்னால் நின்ற எனக்குத் தெரியாதது, சார்ட் பிடித்துச் சும்மா நின்றவர் கண்ணில் பட்டிருக்கிறது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சேர்ந்து கற்பிக்க ஆறு வகை உண்டு என்று படித்திருந்தோமே, அதில் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்றேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி, ஒரே நேரத்தில். எதிரொலிக் கணக்கு: ஒலி நொடிக்கு 340 மீட்டர், 0.1 நொடியில் போய்த் திரும்ப வேண்டும், அப்படியென்றால் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி. அந்த மூலையில் அக்கா, இந்த மூலையில் நான். பத்து நிமிஷம் அமர்க்களமாகப் போனது. திரும்பிப் பார்த்தால், பையன் இரண்டு மிஷினையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர்தான் அப்புறம் விளக்கினார். அந்த மிஷின் என் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்காது. அக்கா குரல், பெஞ்சு இழுக்கிற சத்தம், ஃபேன் இரைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துக் காதுக்குள் கொட்டும். எங்கள் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாளிலிருந்து அக்கா தன் பாதியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஒலியின் அதிர்வைக் காட்ட அக்கா வீட்டிலிருந்து டம்ளர், பலூன், ஒரு பிடி ரவை கொண்டுவந்தார். பலூனை வெட்டி டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி, ரவையைத் தூவி, பக்கத்தில் கத்த வேண்டும். முதலில் ரவை அசையவே இல்லை. தொய்வு. அந்தப் பையன்தான் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினான். அப்புறம் அவன் "ஓ" என்று கத்திய கத்தில் ரவை துள்ளி என் சட்டையெல்லாம். ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்லூரிக்கு எழுதிக் காட்ட வேண்டிய ரெக்கார்டு விஷயம்தான் வில்லங்கம். ஒரே பாடக்குறிப்பை இரண்டு பேரும் எழுதியிருந்தோம். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் இரண்டையும் விரித்து வைத்து, "யாரைப் பாத்து யாரு எழுதுனது?" என்றார். சேர்ந்து எடுக்கிறோம் ஐயா என்றதற்கு, "மார்க்கைச் சேத்துப் போட முடியாதே. ஒராள் எடுங்க, ஒராள் உக்காருங்க."

அக்கா போய் இரண்டாவது பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் போர்டில் எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, திரும்பி, அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.