கோவளம் அலையில் பயம் தெளிவது எப்படி? சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு

சர்ஃபிங் வகுப்புக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நின்னுட்டியா?" நிற்பது சீக்கிரமே வந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சியாளர் பின்னாலிருந்து போர்டைத் தள்ளிவிட்டால், நுரை அலையில் யாரும் இரண்டு நொடி நின்றுவிடலாம். பயம் தெளிவதற்குத்தான் நாளாகும்.

நான் கற்றுக்கொண்டது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று 2012-ல் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய பிறகு, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பயிற்சியாளர்கள் ஆகிவிட்டார்கள். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்கள் "இன்னைக்கு வேணாம்" என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரத்தை எட்டும்போது அலை உடையும். அதாவது, இடுப்புயர அலை உடையும் இடத்தில் தண்ணீர் உங்கள் மார்பளவுதான் இருக்கும். கால் எட்டும்! இது புரிந்த பிறகு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் அதே கணக்குப்படி, அங்கே தலைகுப்புறப் பாய்ந்தால் மணலில் தலை மோதிக் கழுத்தில் அடிபடும். அதனால் விழும்போது பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். போர்டு காலில் கட்டிய கயிற்றோடு உங்கள் பக்கமே திரும்பி வரும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் போர்டை வைத்துக்கொண்டு ஒருபோதும் நிற்காதீர்கள்.

அலை உருட்டும்போது உள்ளே எவ்வளவோ நேரம் இருந்த மாதிரி தோன்றும். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். கற்றுக்கொள்கிறவர்கள் போகும் சின்ன அலைகளில், ஐந்து எண்ணுவதற்குள் பெரும்பாலும் தலை வெளியே வந்துவிடும். நான் வேண்டுமென்றே நுரையில் விழுந்து விழுந்து எண்ணிப் பழகினேன். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும், பரவாயில்லை.

போர்டு விஷயத்தில் கௌரவம் பார்க்காதீர்கள். எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற ஃபோம் போர்டுதான் சரி. ரொம்ப முன்னால் படுத்தால் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், பின்னால் படுத்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். எழும்போது போர்டின் ஓரத்தைப் பிடிக்காமல், உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். எனக்கு எழுவது வந்தும் உடனே விழுந்துகொண்டிருந்தேன். என் பயிற்சியாளர் தம்பி கத்திக்கொண்டே இருப்பான்: "அக்கா, காலைப் பாக்காதீங்க, கரையில அந்தப் படகைப் பாருங்க!" படகைப் பார்த்தேன், நின்றேன். கண் கீழே போனால் தலை போகும், தலை போனால் உடம்பும் போகும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் கால் மணி நேரம் கரையில் உட்காருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம், இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். புதியவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைப்பார்கள். பல நேரம் அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். சிக்கிக்கொண்டால் போர்டை விடாமல் அதன்மேல் படுத்து, கரைக்கு இணையாக ஒரு பக்கமாகக் கையால் துழாவி வெளியே வந்து, பிறகு நுரையோடு கரைக்கு வாருங்கள். எதிர்த்துத் துழாவினால் தோள்தான் ஓயும்.

விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் கடற்காற்று எழுந்து அலையின் முகத்தைக் கலைத்துவிடும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று இருப்பதால் அந்தக் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். எனக்குப் பிடித்த மாதங்கள் அவை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கடல் முரடாகும், மழைத் தண்ணீர் முகத்துவாரங்களை உடைத்துக்கொண்டு கலங்கலாகப் பாயும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது சரிப்படாது. அந்த மாதங்களில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். சர்ஃபிங்கில் நிற்கும் நேரத்தைவிடக் கையால் துழாவும் நேரம்தான் மிக அதிகம், அதற்குத் தோளில் வலு வேண்டும்.