பலகையில் எழுதாமல் விட்ட சொல்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளார்க்கராக இருந்த காலத்தில், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைத் தமிழாக்கி அறிவித்தல் பலகையில் ஒட்டுவதும் என் வேலையாக இருந்தது. ஒருமுறை, ஒரு மலையின், அதாவது தேயிலை நிலப்பகுதியின், நம்பரை இட்டு, ‘புதுப்பித்தல் வேலை ஆரம்பம்’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் கூட்டத்தில், ஒரே குழப்பம். தேயிலையை வேரோடு பிடுங்கி மீள்நடுகை செய்யப் போகிறார்கள், மண் ஆறுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் புல் வளர்ப்பார்கள், அதுவரை அந்த மலையில் கொழுந்தும் இல்லை, பேரும் (நாட்சம்பளமும்) இல்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேச்சுப் பரவியிருந்தது. வயதான கங்காணி ஒருவர் காரியாலய வாசலுக்கு வந்து, “கவ்வாத்துன்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமேங்க ஐயா” என்றார். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிக் கழித்துத் துளிர்க்க விடும் வேலை; நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

அவர்கள் விளங்கிக்கொண்டதில் பிழையில்லை. அடையாள அட்டையைப் புதுப்பித்தால் பழையதைக் கொடுத்துவிட்டு வேறொன்றைத்தான் வாங்கி வருகிறோம். ஆயினும் ‘புது’ என்ற அடியிலிருந்து பிறந்த ‘புதுக்கு’ என்னும் பழைய வினைக்கு வேறொரு சாயலும் உண்டு; கோயிலைப் பழுதுபார்த்து வருவதற்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘புதுக்குப்புறம்’ என்கின்றன. அங்கே கோயில் மாறுவதில்லை, இருக்கிற கோயிலே புதுக்கப்படுகிறது. நான் எழுதியது அந்தப் பொருளில்தான் என்று வாதாடியிருக்கலாம். பெரட்டுக்களத்தில் கல்வெட்டுத் தமிழ் எடுபடாது.

கவ்வாத்தோ நம்முடைய சொல்லே அன்று. விதிகளைக் குறிக்கும் ‘கவாயித்’ என்ற அரபுச் சொல் உருதுவில் படைப்பயிற்சியைக் குறித்து, தமிழில் ‘கவாத்து’ ஆயிற்று. தமிழ்நாட்டில் பொலிஸாரின் அணிப்பயிற்சியும் கவாத்துத்தான், மரங்களின் கிளை கழிப்பதும் கவாத்துத்தான். படையணியைப் போல் செடிகளை ஒரே மட்டத்தில் நிறுத்துவதால் இப்பொருள் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். பெரட்டும் ‘பரேட்’ என்பதன் திரிபே ஆகையால், தோட்டத்துக் காலைப்பொழுது முழுவதும் பட்டாளத்துச் சொற்களால் ஆனதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உயர்ந்த மலைகளில் நான்கைந்து வருடங்களுக்கு ஒருமுறை, முழங்கால் மட்டத்துக்குச் செடியை வெட்டுகிறார்கள். இலையின்றி நிற்கும் செடி, வேரில் சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீண்டும் துளிர்க்க வேண்டும். அதனால் பென்சில் பருமனுள்ள வேரை நறுக்கி அயடீன் இட்டு, அது கருநீலமாக மாறுகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். நிறம் மாறாத மலையில் கத்தி வைத்தால் செடிகள் பட்டுப்போகும். ஆகவே மேலே வெட்டுப்படுவதைப் பார்த்து இதனை அழிவு என்று எண்ணுபவர், கீழே வேரிலுள்ள இருப்பை அறியாதவர். ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லில் இந்தக் கத்தியும் இல்லை, வேரும் இல்லை.

அறிவித்தலைக் கிழித்துவிட்டு, ‘கவ்வாத்து’ என்று எழுதி ஒட்டினேன். அதன்பின் காரியாலய ஜன்னலில் வந்து நின்ற பெண்கள் கேட்டதெல்லாம், வெட்டி விழுந்த குச்சிகளான மிளாறை அடுப்புக்குப் பொறுக்க எந்த நாளிலிருந்து விடுவார்கள் என்பதைத்தான்.