வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியதும், அடுக்காக எழுதும் பொடி 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாமல், பிள்ளைகளின் நோட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திருத்தும் நிலை வந்தது.

பரவளையம் நடத்தும்போது குவியத்தைப் புள்ளி வைத்துக் காட்டுவேன். வளைவு மாறாதவரை அந்தப் புள்ளியும் நகராது. கண்ணில் நிலைமை வேறு. விழித்திரை ஓரிடத்தில் நிற்கிறது. பார்க்கும் பொருள் கிட்டே வந்தாலும் எட்டப் போனாலும் பிம்பம் அங்கேயே விழ வேண்டும். அதற்காக விழிலென்ஸ்தான் தன் வளைவை மாற்றிக்கொள்கிறது. வயதாக ஆக லென்ஸ் விறைத்துப்போகிறது, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டிய அளவு உப்ப மறுக்கிறது. வெள்ளெழுத்து என்பது இவ்வளவுதான்.

பரிசோதனைக்குப் போகும் முன் என் வேலைத் தூரங்களை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டேன். நோட்டு 40 செ.மீ., லேப்டாப் 65 செ.மீ. மீட்டரில் உள்ள தூரத்தால் 1-ஐ வகுத்தால் வருவது டையாப்டர், அதாவது லென்ஸ் பவரின் அலகு: நோட்டுக்கு 2.5, லேப்டாப்புக்கு ஏறத்தாழ 1.5. இதில் கண்ணால் சிரமமில்லாமல் தர முடிந்தது போக, மீதியைக் கண்ணாடி தர வேண்டும்.

முதலில் கணினிப் பரிசோதனை. கருவிக்குள் ஒரு பலூன் படம் மங்கும், தெளியும். தொலைவில் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர விடுவதற்கான ஏற்பாடு. அந்தச் சீட்டில் வரும் எண் ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதை வைத்தே கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அடுத்து சோதனை ஃப்ரேமில் வில்லை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். “சிவப்பிலா, பச்சையிலா, எதில் எழுத்து கருப்பாகத் தெரிகிறது மேடம்?” பச்சை ஒளி சற்று முன்னால் குவியும், சிவப்பு சற்றுப் பின்னால். இரண்டும் சமமாகத் தெரிந்தால் குவியம் விழித்திரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு பரிசோதித்த தம்பி, படிக்கும் அட்டையை வழக்கம்போல் 33 செ.மீ. தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் படிப்பதற்கான கூடுதல் பவர் 2.00 வந்தது. “தம்பி, என் நோட்டு 40-இல் இருக்கும்” என்றேன். அட்டையைத் தள்ளி வைத்துப் பார்த்ததில் 1.50 போதும் என்றானது. கணக்கும் ஒத்துவருகிறது: 33-க்கு 3 டையாப்டர், 40-க்கு 2.5; அதே அரை டையாப்டர்தான் குறைந்தது. கண் அழுத்தமும் பார்த்தார்கள். நாற்பதுக்கு மேல் அதை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவர் பார்க்காதீர்கள், எண்ணே மாறிவிடும்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் புரோகிரசிவ் சொன்னேன். அதில் மேலிருந்து கீழே வளைவு படிப்படியாக மாறும். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு குவியத் தூரம்: மேலே தொலைவுக்கு, நடுவே திரைக்கு, கீழே படிக்க. அதற்கு விலையாக இரு ஓரங்களிலும் மங்கல் இருந்தே தீரும். விலை உயர்ந்த லென்ஸ் அந்த மங்கலைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. விற்பவர் இதைச் சொல்வதில்லை! உயரம் குறைந்த ஃப்ரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும் என்பதால் அழகைப் பார்க்காமல் சற்று உயரமானதை எடுத்தேன். கடைக்காரர் என் எதிரே அதே மட்டத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்மணிக்கும் தனித்தனியாக மார்க்கரால் புள்ளி வைத்தார். இந்தப் புள்ளி தவறினால் நல்ல பவரும் வீண்.

ஆரம்பத்தில் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையப் படிகளில் இறங்கும்போது படிகள் மிதந்தன. கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் பவர் வழியே படி தெரிகிறது. தலையையே குனிந்து பார்த்தால் சரியாகிறது. பக்கவாட்டில் பார்க்கவும் கழுத்தைத் திருப்பப் பழகியாயிற்று.

லேப்டாப்புக்கு மட்டும் இது எனக்கு ஒத்துவரவில்லை. நடுப்பகுதி குறுகலாக இருப்பதால் திரை முழுவதும் தெரிய முகவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இணைய வகுப்புக்கு 65 செ.மீ. தூரத்துக்கென்று தனியாக ஒற்றைப் பவர் கண்ணாடி போட்டுக்கொண்டேன். புரோகிரசிவ் விலையில் சிறு பங்குதான் ஆனது.