அசதியாக இருக்கிறது, நடக்கவா படுக்கவா?

போட்டித் தேர்வுக்காக ஓராண்டு வீட்டிலிருந்தே படித்தேன். பாடத்தில் வந்த சந்தேகங்களை யாரிடமாவது கேட்டுத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் சந்தேகத்துக்குத்தான் விடையே கிடைக்கவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது. எழுந்து நடக்கப் போவதா, கொஞ்ச நேரம் படுப்பதா?

முதல் மூன்று மாதம் படுத்தேன். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டு சாய்வேன். விழிக்கும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். தலை கனக்கும், புத்தகத்தைத் திறந்தால் அரை மணி நேரத்துக்கு எதுவும் பிடிபடாது. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்தால் அப்படித்தான் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இரவு இரண்டு மணிவரை தூக்கம் வராது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு மறுபடி அதே அசதி.

அடுத்து நேர்மாறான பைத்தியம் பிடித்தது. அசதி என்றாலே சோம்பல், அதை ஓடித்தான் விரட்ட வேண்டும் என்று முடிவு கட்டினேன். மாதிரித் தேர்வுக்கு முந்தைய இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, விடிந்தும் விடியாமலும் ஓடப் போனேன். சமதரையிலேயே கால் பிசகிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அன்றைய தேர்விலோ, ஒரு கேள்வியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு நோட்டுப் போட்டேன். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், பகலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், அசதி உடம்பில் எங்கே இருக்கிறது என்று தினமும் மாலையில் எழுதினேன். இந்த மூன்றாவது கேள்விதான் கண்ணைத் திறந்தது. பெரும்பாலான நாட்களில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியிருந்தேன். கண் எரியும், தோள் இறுகியிருக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். ஆனால் கால்கள் காலையிலிருந்து ஒரு வேலையும் செய்திருக்காது. களைத்தது தலை, பழி உடம்பின் மேல்.

இது வெறும் பிரமையும் அல்ல. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பேருக்கு 90 நிமிடம் கணினியில் மூளையைப் பிழியும் வேலை கொடுத்துவிட்டு, முடிகிறவரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சும்மா ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்த நாளைவிட அன்று சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. மிதிப்பது அதிகக் கஷ்டமாகத் தோன்றியதுதான் வித்தியாசம். அதனால் தலை களைத்த நாளில் நான் நடக்கப் போவேன், ஆனால் வேகத்தைக் கணக்குப் பார்க்க மாட்டேன். அன்று வேகம் குறைவாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

தூக்கக் கடன், அதாவது தூங்காமல் விட்ட நேரத்தின் பாக்கி, வேறு விஷயம். கொட்டாவி, தானாக மூடும் இமை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற, தூக்கத்தை வரவழைக்கும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும்; தூங்கினால்தான் அது குறையும். காபி அந்த அடினோசினின் வேலையைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கும் ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால், மாலைக் காபி இரவுத் தூக்கத்திலும் கை வைக்கும். இரவில் ஆறு மணி நேரம்கூடத் தூங்காத நாளில் உடற்பயிற்சியை விட்டுவிட்டேன். மதியம் மூன்று மணிக்குள் என்றால் அலாரம் வைத்து இருபது நிமிடம் தூங்குவேன். அதைத் தாண்டிவிட்டால் படுக்கைப் பக்கமே போகாமல், இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பேன்.

எது என்று புரியாத நாளும் உண்டு. அன்று பத்து நிமிடம் நடந்து பார்ப்பேன். உடம்பு லேசானால் நடையைத் தொடர்வேன், இன்னும் கனத்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பிவிடுவேன். திரும்பிய நாட்கள் குறைவு. உண்மையைச் சொன்னால், செருப்பை மாட்டுவதுதான் மலையாக இருந்தது.

காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்தால் இந்தப் பத்து நிமிடச் சோதனையே கூடாது. காய்ச்சலோடு கடுமையாகப் பயிற்சி செய்தால் இதயத் தசைக்கே ஆபத்து வரலாம். மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுநடை போதும். நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். என்னோடு படித்த ஒருவர் இரண்டு மாதம் படிப்புச் சுமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை செய்ததும்தான் ரத்தசோகை என்று தெரிந்தது.

கடைசி வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மாலையில் இருபது நிமிட நடை மட்டும் வைத்துக்கொண்டேன். இவ்வளவு கணக்குப் போட்டும் தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் நோட்டை எடுத்து "ஐந்து மணி நேரம், அசதி வயிற்றில்" என்று எழுதினேன். அது பயம் என்று தெரிந்தது. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, தேர்வுக் கூடத்துக்கு நடந்தே போனேன்.