எண் தேர்வுப் புதிர்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

ஒரு பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்தால் அதன் மதிப்பு புள்ளியாகச் சேரும்; ஆனால் அதைவிட ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணும் எத்தனை முறை வந்திருந்தாலும் அத்தனையும் நீங்கிவிடும். அதிகபட்சம் எத்தனை புள்ளிகள் சேர்க்கலாம் என்பதே புதிர். 3, 3, 4, 4, 5 என்ற சிறிய பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஒரு 4-ஐ எடுத்தவுடன் 3-களும் 5-உம் போய்விடுவதால், மற்றொரு 4-ஐயும் எடுத்துக்கொள்வதில் இழப்பு ஏதுமில்லை. ஆகவே பட்டியலை மதிப்பு வாரியாகக் கூட்டிவிடலாம்: 3-க்கு 6, 4-க்கு 8, 5-க்கு 5. அடுத்தடுத்த இரு மதிப்புகளைச் சேர்த்து எடுக்கக் கூடாது என்ற ஒரே விதிதான் இப்போது மிஞ்சுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

இருப்பதில் பெரிய தொகையை முதலில் எடுக்கும் கிரீடி முறை இங்கே 8-இல் நின்றுவிடுகிறது. 3-களையும் 5-ஐயும் எடுத்திருந்தால் 11 கிடைத்திருக்கும். எல்லாத் தேர்வுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாமா என்றால், 1 முதல் 40 வரையிலான மதிப்புகளுக்கே, ஒன்றையும் எடுக்காததையும் சேர்த்து, 26,79,14,296 தேர்வுகள் உள்ளன. இது 1, 1 எனத் தொடங்கி, முந்தைய இரண்டைக் கூட்டிக்கூட்டி வளரும் ஃபிபோனாச்சி தொடரின் 42-ஆவது எண். கடைசி மதிப்பை விட்டால் அதற்கு முந்தையது வரையிலான தேர்வுகள் அனைத்தும் செல்லும். எடுத்தால் அதற்கும் முந்தையது வரையிலானவை மட்டுமே செல்லும் என்பதால், எண்ணிக்கை தானாகவே முந்தைய இரண்டின் கூட்டலாக அமைகிறது.

மார்ச் 6, வியாழன்

இன்று மிகவும் மகிழ்ந்தேன். நேற்று முன்தினம் எண்ணிக்கையைத் தந்த அதே பிரிவினை, கூட்டுவதற்குப் பதிலாக இரண்டில் பெரியதை வைத்துக்கொண்டால், விடையையே தந்துவிடுகிறது. 3 வரை சிறந்தது 6. 4-ஐ விட்டால் 6, எடுத்தால் 8. ஆகவே 4 வரை 8. 5-ஐ விட்டால் 8, எடுத்தால் 3 வரையிலான 6-உடன் 5 சேர்ந்து 11. நாற்பது மதிப்புகளுக்கு நாற்பதே படிகள்! முன்பு எதையெல்லாம் எடுத்தோம் என்பது இனித் தேவையில்லை, அதுவரையிலான சிறந்த தொகை தெரிந்தால் போதும். கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வகுத்த, சிறிய பகுதிகளின் விடைகளிலிருந்து பெரிய விடையைக் கட்டும் டைனமிக் புரோகிராமிங்கின் உயிர்நாடி இதுவே என்று நினைக்கிறேன். நிரலை ரிகர்ஷனாக, அதாவது தன்னைத் தானே அழைப்பதாக எழுதுவதா, அல்லது சிறந்த தொகைகளை வரிசையாகக் குறித்துவைக்கும் அட்டவணையாக எழுதுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஒவ்வொரு படியும் முந்தைய இரண்டு தொகைகளை மட்டுமே கேட்பதால், முழு அட்டவணைக்குப் பதில் இரண்டு மாறிகள் போதும். மதிப்புகள் கோடிக்கணக்கில் விலகியிருந்தாலும் கவலையில்லை. உள்ளவற்றை மட்டும் வரிசைப்படுத்தி, இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்தால் தயங்காமல் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எந்தெந்த எண்களை எடுத்தோம் என்றும் சொல்ல வேண்டுமானால் இந்தச் சிக்கனம் உதவாது. அப்போது அட்டவணையை வைத்திருந்து கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்: 5-இல் 11, 4-இல் 8, தொகை மாறியிருப்பதால் 5 எடுக்கப்பட்டது, 4-ஐத் தாண்டி 3-க்கு வந்தால் 6, அதற்கு முன் 0, எனவே 3-உம் எடுக்கப்பட்டது.