வேளச்சேரிப் பக்கம் வாடகை வீடு தேடுகிறோம்

ஜூன் 2, 2024, ஞாயிறு

மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீடு. இரண்டு படுக்கையறை, வாடகை 16,000. இந்தப் பக்கத்துக்குக் குறைச்சல்தான். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. புரோக்கர் அலமாரிகளைத் திறந்து காட்டிக்கொண்டிருக்க, நான் வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு சுவர் நெடுக ஓடியது. இ.பி. மீட்டர் பெட்டியைப் பெயர்த்துத் தலைக்கு மேலே ஏற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் சிமென்ட் பூச்சு இன்னும் புதுசு.

"மிக்ஜாம் புயலுக்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெருவுலதாம்மா நின்னுச்சு" என்றார் புரோக்கர். எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டால், கட்டில் வரைக்கும் வந்தது என்கிறார்.

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சதுப்பே கட்டடங்களால் சுருங்கிவிட்டது. அதனால்தான் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தப் பகுதி வெள்ளத்தில் தவித்தது. வாடகையில் மிச்சம் பிடிப்பது ஒரே மழையில் ஃபிரிட்ஜோடு போய்விடும். தரைத்தளம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஜூன் 5, புதன்

வேளச்சேரியில் ஒரு அப்பார்ட்மென்ட், இரண்டாவது மாடி. வெளிச்சம், காற்று எல்லாம் சரி. குளியலறை ஷவரின் துளைகளில் பாதிக்கு மேல் வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்த பாட்டிலைக் காலி செய்து, அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதில் துவரம்பருப்பு வைத்தார். எவ்வளவு நேரம் கொதித்தும் பருப்பு விரலுக்கு நசுங்கவில்லை. சோப்பும் நுரைக்கவில்லை. நல்ல போர்த் தண்ணீரா, கடின நீரா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

வாட்ச்மேன் அண்ணாவிடம் கோடையில் லாரி வருமா என்றும் கேட்டிருந்தேன். ஏப்ரலிலிருந்து வரும், அந்தக் காசு பராமரிப்புத் தொகையில் சேராது, தனி என்றார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊரே லாரிக்குக் காத்துக் கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். இந்த வீடும் இல்லை.

ஜூன் 8, சனி

அதே பக்கத்தில் இன்னொரு அப்பார்ட்மென்ட். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டு, சம்ப்பும் பெரியது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஓடியது. நம் வீட்டுக்குத் தனி இ.பி. மீட்டர். இது ரொம்ப முக்கியம். ஒரே இணைப்பைப் பல வீடுகள் பங்கிட்டால் இலவச 100 யூனிட்டும் பங்காகிவிடும், மொத்த யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும்.

வாடகை 21,000. அட்வான்ஸ் பத்து மாசம் என்றார் வீட்டுக்காரர், சென்னை வழக்கப்படி. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. என் கணவர் அதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னார். பேசிப் பேசி ஐந்து மாசத்தில் நின்றது. பத்து மாசம் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல்; அவ்வளவு பணம் ஒருவரிடம் வட்டியில்லாமல் முடங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. கேட்கக் கூச்சப்படவே கூடாது.

ஜூன் 12, புதன்

ஒப்பந்த நகலை வரி வரியாகப் படித்தோம். "காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்" என்று ஒரு வரி. எத்தனை வருடம் குடியிருந்தாலும் அதே பிடித்தமா? சுவரைச் சேதப்படுத்தியிருந்தால் மட்டும் என்று மாற்றச் சொன்னோம், சம்மதித்தார். சொத்துவரி ரசீதும் இ.பி. அட்டையும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. வாடகை ஆணையத்தில் பதிவு செய்யவும் ஒத்துக்கொண்டார்.

சாவி வாங்கும் முன் ஒவ்வொரு அறையின் சுவரையும், குழாய்களையும், மீட்டர் ரீடிங்கையும் என் கணவர் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளை அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.